சமன்பாட்டில் தொக்கு நிற்கும் நீர்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, அவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ அமைந்த ஒன்றாகவே இருந்திருக்கும். தமிழ் கற்பிக்கும் ஒருவன் கரைசல்களில் நிகழும் இரசாயனத் தாக்கங்களைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, "இவருக்கு இங்கென்ன வேலை?" என்று பழைய மாணவரும் விஞ்ஞான ஆசிரியரும் வினவுதல் இயல்பே. வேலியைக் கடந்து அயலார் வளவுக்குட் புகுந்தவன், புகுந்த காரணத்தை முதலிற் கூறிவிடுதலே முறையாகும்.

வாணி விழாவுக்குச் சில நாள் முன்னர், உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன், விஞ்ஞான மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்குத் தான் எழுதிய கட்டுரையைப் பிழை திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தான். வீட்டிலும் கோயிலிலும் நாள்தோறும் நிகழும் தாக்கங்கள் பற்றிய கட்டுரை அது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதை அவன் அழகாக விளக்கியிருந்தான். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் விளக்கின்மேற் படிந்த செப்பொட்சைட்டைக் கரைத்து நீக்குகின்றது என்று எழுதிச் சமன்பாடும் இட்டிருந்தான். அதன்கீழ், "நீர் இத்தாக்கத்திற் பங்குகொள்வதில்லை; அஃது ஊடகம் மாத்திரமே" என்றொரு வாக்கியம் இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் என் சிவப்புப் பேனை அவ்விடத்தில் நின்றுவிட்டது.

"நீர் பங்குகொள்ளாதெனின், நீர் படாத உலர்ந்த புளியைத் தேய்த்தாலும் விளக்குத் துலங்கவேண்டுமே, தம்பி?" என்றேன்.

அவன் சற்றே யோசித்தான். "துலங்காது, சேர். ஆனால் குறிப்பிலை அப்பிடித்தான் கிடக்கு" என்றான்.

அவ்விடை என்னைப் பல நாள் விட்டகலவில்லை. அவனுடைய கண் ஒன்றைக் கண்டிருக்கிறது. கை வேறொன்றை எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு வினா எழவேண்டிய இடத்தில் ஒன்றும் எழவில்லை. அன்று தொடங்கி, எங்கள் இரசாயன ஆசிரியர் நண்பரின் துணைகொண்டு, ஓய்வுநேரங்களில் இப்பொருள் பற்றி இயன்றவரை கற்றுவந்தேன். கற்றதன் பயனாக என் உள்ளத்திற் படிந்த கருத்தொன்றைப் பழைய மாணவர் முன்னும், ஆசிரியர் முன்னும், மாணவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணத்தில் தொகை என்பதொன்றுண்டு. 'தயிர்க்குடம்' என்கிறோம். தயிரை உடைய குடம் என்பது பொருள். 'ஐ' என்னும் உருபும் 'உடைய' என்னும் சொல்லும் அங்கே வெளிப்படாது தொக்கு நிற்கின்றன. தொக்கு நிற்பது இல்லாததன்று, எழுதப்படாதது, அவ்வளவே. அதனை விரித்துக் கொள்ள அறியாதவன், தயிராற் செய்த குடமோ என்று மயங்குவான். இரசாயனச் சமன்பாட்டிற் கரைப்பானும் அவ்வாறே தொக்கு நிற்கின்றது. அம்புக்குறியின் இருபுறத்திலும் அதன் பெயர் இல்லை. ஆனால் தாக்கம் விரைவதும் தாழ்வதும், சிலபோது நிகழ்வதும் நிகழாதொழிவதும் அதன் கையிலேயே இருக்கின்றன. இதனை விரித்துரைக்கும் முயற்சியே கரைசல்களிலும் இடைமுகங்களிலும் நிகழும் தாக்கங்கள் பற்றிய கொள்கையாய்வு. அதன் வரலாற்றை அறிந்தோர், 'கொள்கை' என்னும் சொல்லை மனனஞ் செய்யும் குறிப்பென்று பொருள்கொள்ளமாட்டார்.

தாக்கவீதத்தை முதன்முதல் அளந்து கணித வடிவில் எழுதியவர் ஜெர்மானியரான வில்ஹெல்மி. 1850ஆம் ஆண்டு, அமிலங் கலந்த நீரிற் கரும்புச் சீனி இரு வேறு வெல்லங்களாகப் பிரிவதை, அக்கரைசலின் ஊடே செல்லும் முனைவாக்கிய ஒளி திரும்பும் அளவுகொண்டு அவர் கணித்தார். பிரியும் வேகம் எஞ்சியுள்ள சீனியின் அளவைப் பொறுத்தது என்பது அவர் கண்ட முடிபு. இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. அத்தாக்கத்தில் நீர் ஊடகம் மட்டுமன்று. தானும் ஒரு தாக்கி. ஆயினும், ஓர் இலீற்றர் தூய நீரில் ஏறத்தாழ 55 மூல் நீர் இருப்பதால், சிறிது செலவாகியும் குறைந்ததாகத் தோன்றுவதில்லை. மிகுதியாக இருப்பதனாலேயே அது கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றது. 1889இல் அரேனியஸ், இதே சீனித்தாக்கத்தை ஆராய்ந்து, தாக்கம் நிகழ மூலக்கூறுகள் ஒரு சக்தித் தடையைக் கடக்கவேண்டும் என்னும் கருத்தை நிலைநாட்டினார். அத்தடையே இன்று மாணவர் கற்கும் ஏவற்சக்தி.

பின்னர் 1916இலும் 1918இலும் முறையே திரௌற்ஸ், லூயிஸ் என்போர் மோதுகைக் கொள்கையை வகுத்தனர். மூலக்கூறுகள் ஒன்றையொன்று போதிய வேகத்துடன் மோதினால் தாக்கம் நிகழும் என்பது அதன் சாரம். நம் நாட்டுத் தமிழ் நூல்கள் வழங்கும் 'தாக்கம்' என்னும் சொல் இக்கருத்துக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்திருக்கிறது! தாக்குதல் என்பது மோதுதல். வெற்றிடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறந்து திரியும் வாயு மூலக்கூறுகளுக்கு அச்சொல் முற்றிலும் தகும். ஆனால் திரவத்துள் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் எப்பொழுதும் அயலவரால் நெருக்கப்பட்டே நிற்கின்றது. தமிழகத்தார் வழங்கும் 'வினை' என்ற சொல் இவ்விடத்திற்கு ஒருவேளை இன்னும் பொருந்தும். வினையென்றால் வினைமுதல் மட்டுமன்றிக் கருவியும் இடமும் காலமும் உடன் நினைக்கப்படுமன்றோ?

ஊடகத்தின் ஆற்றலை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் உருசிய நாட்டு மென்சுட்கின். 1890இல், ஓர் அமீனும் ஓர் அற்கைல் அயடைட்டும் சேர்ந்து உப்பாகும் ஒரே தாக்கத்தை அவர் இருபதுக்கு மேற்பட்ட கரைப்பான்களிற் செய்து பார்த்தார். தாக்கிகள் மாறவில்லை, வெப்பநிலை மாறவில்லை, மாறியது கரைப்பான் ஒன்றே. அவ்வாறிருக்க, மிகத் தாழ்ந்த வேகத்துக்கும் மிக உயர்ந்த வேகத்துக்கும் இடையே பல நூறு மடங்கு வேறுபாடு காணப்பட்டது. 'பங்குகொள்ளாத' ஒன்றா இவ்வளவையும் செய்தது?

காரணம் பின்னரே தெளிவாயிற்று. நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று ஈர்க்கும் விசை, வெற்றிடத்தில் இருப்பதிலும் நீருள் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. நீர் மூலக்கூறு ஒருபுறம் சற்றே நேர்மின்னும் மறுபுறம் சற்றே எதிர்மின்னும் உடையது. அயன் ஒன்று தோன்றியவுடன் நீர் மூலக்கூறுகள் உரிய பக்கத்தைக் காட்டி அதனைச் சூழ்ந்து தாங்குகின்றன. மென்சுட்கினின் தாக்கத்தில் நடுநிலையான இரு மூலக்கூறுகளிலிருந்து மின்னேற்றம் பிறக்கின்றது. பிறக்கும் மின்னேற்றத்தைத் தாங்கவல்ல கரைப்பான் தடையைத் தாழ்த்துகின்றது. தாங்கமாட்டாத கரைப்பான் உயரவே விட்டுவிடுகின்றது. மாறாக, முன்பே ஓரிடத்திற் செறிந்திருந்த மின்னேற்றம் பரவித் தேயும் தாக்கமாயின், அதே முனைவுக் கரைப்பான் அதனைத் தாழ்த்தும். இவ்விதியை 1935இல் ஹியூசும் இன்கோல்டும் வகுத்துரைத்தனர்.

இனி, விரைவின் எல்லை யாது என்னும் வினா. கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டு மாணவர் செய்யும் நடுநிலையாக்கல் 'உடனடியாக' நிகழ்கிறது என்று சொல்லிவிடுகிறோம். உடனடியாக என்றால் எவ்வளவு? கரைசலில் இரு துணிக்கைகள் தாக்கமுற முதலில் அவை ஒன்றையொன்று சந்திக்கவேண்டும். சந்திப்பதற்கு, நெருக்கத்தினூடே தள்ளாடித் தள்ளாடிப் பரவிவருதல் வேண்டும். பரவும் வேகத்துக்கு மேல் எத்தாக்கமும் விரைய இயலாது. இவ்வெல்லையைக் கணித்தவர் போலந்து நாட்டுச் சிமோலுக்கோவ்ஸ்கி. 1917ஆம் ஆண்டு, ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில், அக்கணிப்பு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் வயிற்றுளைவு நோயால் இறந்தார். பின்னர் மான்பிரெட் ஐகன் அதிவிரைவுத் தாக்கங்களை அளக்கும் வழி கண்டு, 1967இல் நோபெல் பரிசில் பங்குபெற்றார். ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் சேர்ந்து நீராதல், நீரில் அறியப்பட்ட மிக விரைந்த தாக்கங்களுள் ஒன்றென்பது அவர் அளவைகளால் உறுதியாயிற்று. மாணவன் குடுவையை அசைத்துக் கலக்கும்போது அவன் கையும் இக்கொள்கைக்கு ஓர் உரையெழுதிக்கொண்டிருக்கிறது. இதனை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

சந்தித்தபின் நிகழ்வதும் விந்தையே. 1934இல் பிராங்கும் இரபினோவிச்சும் ஒன்றைச் சுட்டிக்காட்டினர்: திரவத்துள் சந்தித்த இரு துணிக்கைகள், சுற்றியுள்ள மூலக்கூறுகளாகிய கூட்டுக்குள் அகப்பட்டு, பிரிந்துபோக வழியின்றிப் பலமுறை மோதிக்கொள்கின்றன. ஒளியால் உடைந்த மூலக்கூறின் இரு பாதிகளும் இதே கூட்டினால் மீண்டும் இணைந்துவிடுதலும் உண்டு. 1940இல் ஒல்லாந்து நாட்டுக் கிராமர்ஸ் இன்னும் ஆழச் சென்றார். நல்லூர்த் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் வாயிற்படி ஏறமுயலும் ஒருவனை நினைத்துக்கொள்க. அயலில் ஒருவரும் இல்லையெனின் அவனைத் தள்ளி ஏற்றுவார் இல்லை. நெருக்கம் மிகுந்தாலோ, படியின் உச்சியை அடைந்தும் பின்னோக்கித் தள்ளப்படுவான். திரவத்தின் உராய்வும் அவ்வாறே: குறைந்த அளவில் தாக்கத்துக்குத் துணை, மிகுந்த அளவில் தடை. ஊடகம் சக்தியைக் கொடுக்கவும் செய்கிறது, பறிக்கவும் செய்கிறது. இதனைக் கிராமர்ஸ் காகிதத்திற் கணித்தே கண்டார்.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்த பகுதி உருடொல்ப் மார்க்கஸ் என்பாரின் பணி. அவர் 1923இல் கனடாவின் மொன்றியலிற் பிறந்தவர். பரிசோதனை இரசாயனத்திற் பட்டம் பெற்று, பின்னரே கொள்கையாய்வின்பால் திரும்பியவர். 1950களின் முற்பகுதியில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பல்தொழில்நுட்பக் கழகத்தில் அவர் விரிவுரையாற்றிக்கொண்டிருந்தபோது, வகுப்பிலிருந்த மாணவர் ஒருவர் பல மின்னேற்றங்களைத் தாங்கிய நீண்ட மூலக்கூறுகள் பற்றி ஒரு வினா வினவினார். அதற்கு விடைகாண, ஆசிரியர் நிலைமின்னியலை ஆழ்ந்து கற்கவேண்டியதாயிற்று. அக்கல்வி முடிந்த சிறிது காலத்தில், 1955இல், ஆய்விதழொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில், 1952இல் லிபி என்பார் எழுதிய கட்டுரை பட்டது. கரைசலில் ஓர் அயனிலிருந்து இன்னோர் அயனுக்கு இலத்திரன் தாவுவதைப் பற்றியது அக்கட்டுரை.

அத்தாக்கம் மிக எளியது. நீரில் இருவகை இரும்பயன்கள் உள்ளன. ஒன்று மூன்று நேரேற்றமும் மற்றது இரண்டு நேரேற்றமும் உடையது. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓர் இலத்திரன் செல்கிறது. பிணைப்பு ஒன்றும் முறிவதில்லை. புதிது ஒன்றும் பிறப்பதில்லை. விளைவும் தொடக்கமும் ஒரே தன்மையன. அவ்வாறாயின் தடை எங்கிருந்து வந்தது? சூழ்ந்து நிற்கும் நீரிலிருந்தே வந்தது. இலத்திரன் இமைப்பொழுதினும் மிகக் குறைந்த நேரத்தில் தாவிவிடும். பாரமான நீர் மூலக்கூறுகளோ, ஒரு செக்கனை இலட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஏறத்தாழ எட்டுக் கூறு நேரத்திலேயே திரும்பி அமையும். நமக்கு அது கணக்கில் அடங்காத விரைவு. இலத்திரனுக்கோ அது நெடும்பொழுது. எனவே இலத்திரன் முதலில் தாவும், நீர் பின்னர் ஒழுங்குபடும் என்றே லிபி கருதினார். மார்க்கஸ் அதில் ஒரு குற்றங் கண்டார். அவ்வாறு தாவினால், பொருந்தாத நீர்ச்சூழலில் அயன் போய் நிற்கும். அதற்கு வேண்டிய மிகைச் சக்தியை இருளில் நிகழும் தாக்கத்திற்கு வழங்கியவர் யார்? சக்தி காக்கப்படும் என்னும் விதி அங்கே மீறப்படுகிறது. ஆதலின் நீரே முந்தவேண்டும். இடையறாத தன் அசைவினிடையே, தாவுதற்கு முன்னும் பின்னும் சக்தி சமமாக இருக்கும்படியான ஒரு கோலத்தை நீர் தற்செயலாக அடைகின்றது. அக்கணத்தில் இலத்திரன் தாவுகின்றது. தொக்கு நின்ற நீரே இங்கு வினையை நடத்துவதாயிற்று.

1956இல் வெளிவந்த இக்கொள்கையின் வாய்பாட்டைச் சாதாரணதர மாணவனும் போட்டுப் பார்க்கலாம். நீரும் அயன்களும் புதிய கோலத்துக்கு மாறத் தேவையான சக்தியை ஒழுங்குமாற்றச் சக்தி என்போம். அதனுடன் தாக்கத்தின் சக்தி மாற்றத்தைக் கூட்டி, வர்க்கித்து, ஒழுங்குமாற்றச் சக்தியின் நான்கு மடங்கால் வகுத்தால் ஏவற்சக்தி வரும். ஒழுங்குமாற்றச் சக்தி 80 அலகு என்க. தாக்கத்தில் சக்தி இறக்கம் இல்லையெனின் தடை 20. இறக்கம் 40 ஆயின் தடை 5. இறக்கம் 80 ஆயின் தடையே இல்லை. இதுவரை எவரும் எதிர்பார்ப்பதுதான். பள்ளம் கூடக்கூட வெள்ளம் விரையும். ஆனால் இறக்கம் 120 ஆகும்போது என்ன நேர்கிறது? தடை மீண்டும் 5. இறக்கம் 160 ஆயின் மீண்டும் 20. பள்ளம் அளவு கடந்தால் வெள்ளம் தாழ்கின்றது என்று கணிதம் சொல்லிற்று!

பலர் இதனை நம்பவில்லை. பல்லாண்டு தேடியும் இவ்விளைவு தெளிவாக அகப்படவில்லை. ஏனெனின், தனித்தனியே திரியும் துணிக்கைகளில், முன் கூறிய சந்திப்பின் எல்லை உண்மை வேகத்தை மறைத்துவிட்டது. ஈற்றில் 1984இல், மில்லர், கல்கற்றெரா, குளோஸ் என்னும் மூவரும், கொடுப்பதையும் ஏற்பதையும் ஒரே மூலக்கூறின் இரு முனைகளிற் பிணைத்து வைத்து, தேடிச் சந்திக்கும் தேவையையே நீக்கி அளந்தனர். கணிதம் சொல்லியவாறே வேகம் ஏறி இறங்கிற்று. 1992இல் மார்க்கஸ் நோபெல் பரிசு பெற்றார். பச்சையிலை ஒளியைப் பற்றிக்கொள்ளும்போது பிரிந்த மின்னேற்றங்கள் உடனே மீண்டும் கூடி வீணாகாமல் நிற்பதை விளங்கிக்கொள்ளவும் இவ்வறிவு துணைசெய்கிறது.

கரைசலிலிருந்து இடைமுகத்துக்குச் செல்வோம். 'கரை' என்னும் தமிழ்ச் சொல் வினையாக நின்று கரைதலையும், பெயராக நின்று நீரும் நிலமும் சந்திக்கும் ஓரத்தையும் குறிக்கின்றது. கரைப்பான், கரையம், கரைசல் என்பன முதற்பொருளிற் பிறந்தவை. இரண்டாம் பொருள் இடைமுகத்தை நினைவூட்டுகிறது. திரவமும் உலோகமும், நீரும் எண்ணெயும், நீரும் வளியும் சந்திக்கும் கரையே இடைமுகம். குத்துவிளக்கில் நிகழ்வது கரைசலும் உலோகமும் சந்திக்கும் கரையில் நிகழும் தாக்கம். இன்று எல்லோர் சட்டைப்பையிலும் உள்ள இலிதியம் அயன் மின்கலம், முதல் மின்னேற்றத்தின்போது மின்வாயின் கரையிற் படியும் மெல்லிய படலத்தால் உயிர்வாழ்கின்றது. அப்படலமோ கரைப்பான் சிதைந்து உண்டானது.

இக்கரையை ஆராய்ந்தோருள் மறக்கலாகாத ஒருவர் ஜெர்மனியின் பிறவுன்சுவைக் நகரத்து அக்னஸ் பொக்கல்ஸ் என்னும் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலத்தில், நோயுற்ற பெற்றோரைப் பேணி வீட்டிலிருந்தவர் அவர். பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பை எண்ணெய்ப் பசை எவ்வாறு மாற்றுகிறது என்று நோக்கி, தாமே ஒரு தட்டுக் கருவி அமைத்து அளந்தார். தம்பியின் பாடநூல்களைப் படித்தே கற்றார். 1891இல் இங்கிலாந்தின் இரேலி பிரபுவுக்குத் தம் முடிபுகளை ஒரு கடிதமாக எழுதியனுப்ப, அப்பெரியார் அதனை 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். அவர் வகுத்த முறையைச் செப்பமாக்கி மேற்சென்ற இலாங்மூர் என்பார் 1932இல் நோபெல் பரிசு பெற்றார். அதே ஆண்டில், எழுபது வயதில், பொக்கல்ஸ் அம்மையாருக்குத் தம் ஊர்ப் பல்தொழில்நுட்பக் கல்லூரி கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கரையின் புதுமை இன்னும் தீரவில்லை. 2005இல் அமெரிக்காவின் சார்ப்பிளெஸ் குழுவினர், நீரில் கரையாத இரு சேர்வைகளை நீரின்மேல் இட்டுக் கலக்கியபோது, நீரின்றி 48 மணி நேரம் பிடித்த தாக்கம் 10 நிமிடத்தில் முடிந்துவிடக் கண்டனர். கரையவே இல்லை, ஆனால் கரையில் நின்று வினைபுரிந்தது நீர். இதன் காரணத்தை 2007இல் கணித்து விளக்கியோர் யங் என்பாரும், எண்பது வயது கடந்திருந்த அதே மார்க்கசும் ஆவர். எண்ணெயைத் தொடும் நீர்ப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு மூலக்கூறின் ஐதரசன் முனை, பற்றிக்கொள்ள அயல் நீர் இன்றி, எண்ணெய்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீரின் உட்புறத்திலோ அம்முனைகள் யாவும் தம்முட் பிணைந்துள்ளன. தாக்கத்துக்கு உதவவேண்டின் முதலில் பிணைப்பை விடவேண்டும். கரையில் நிற்கும் கைகளோ முன்பே வெறுங்கைகள். அவை தாக்கத்தின் இடைநிலையைத் தாங்கித் தடையைத் தாழ்த்துகின்றன என்பது அவர்தம் விளக்கம்.

இவ்வளவும் கூறியது அறிவைக் காட்டுதற்கன்று. நான் கற்றது மிகச் சிறிதே. நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று. மார்க்கசுக்கு உதவிய கருவிகளை எண்ணிப் பாருங்கள்: ஒரு மாணவனின் வினா, ஒரு நூலகத்து இதழ், ஒரு பென்சில், தாள், தவறொன்றைத் தவறென்று காணும் துணிவு. பொக்கல்ஸ் அம்மையாருக்கு இருந்தவை ஒரு தட்டும், நீரும், ஒரு கடிதமும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழியைக் கொள்கையாய்வின்மேல் எறிவோர், இவ்வேட்டுச் சுரைக்காய் முளைத்துக் காய்த்த வரலாற்றைச் சற்றே நோக்குவாராக.

ஆய்கூடம் வேண்டாவென்று நான் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. 1984ஆம் ஆண்டின் அளவை இல்லையெனின், மார்க்கசின் வளைகோடு ஒரு நம்பிக்கையாகவே நின்றிருக்கும். மென்சுட்கின் கரைப்பான்களை மாற்றி மாற்றி அளந்திராவிட்டால், விளக்கவேண்டிய பொருளே இருந்திராது. கொள்கையும் பரிசோதனையும் ஒரு வண்டியின் இரு சில்லுகள். கணினியின் வரவால் மூன்றாவது துணையும் வந்திருக்கிறது. தாக்கம் நிகழும் நடுவிடத்தை நுண்மையான குவாண்டம் கணிப்பாலும், சூழ்ந்துள்ள பெருந்திரளைப் பழைய பொறியியல் விதிகளாலும் ஒருங்கே கணிக்கும் வழியை 1976இல் வார்செல், லெவிற் என்போர் ஒரு நொதியத்துக்கு வகுத்தனர். அவ்விருவரும் கார்ப்பிளசுடன் 2013இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எதனை நுண்ணிதாக நோக்குவது, எதனைப் பருமட்டாக நோக்குவது என்று தெரிந்தெடுப்பது கணினியின் வேலையன்று. மனிதன் சிந்தித்துத் தீர்மானிக்கும் வேலை.

நம்மிடம் இல்லாதது அச்சிந்தனைக்குரிய அவகாசமே. மாணவன் காலையிற் கல்லூரிக்கும் மாலையில் தனியார் வகுப்புக்கும் ஓடுகிறான். இரண்டிடத்திலும் அவன் கேட்பது விடைகளை, வினாக்களையன்று. 'கொள்கை' என்றால் பரீட்சைக்கு எழுதும் பந்தியென்றும், செய்முறை என்றால் புள்ளி பெறும் சடங்கென்றும் அவன் எண்ணிவிட்டான். பழியை அவன்மேற் சுமத்துவது அறமன்று. தமிழாசிரியராகிய நாங்களும் இதற்குப் பொறுப்பாளிகளே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. அத்தகைய தொடக்கத்தைப் பெற்ற மண்ணில், கலைச்சொற்கள் இருந்தும், அவற்றைக்கொண்டு ஒரு மாணவன் தான் கண்டதைத் தன் மொழியில் எண்ணி எழுதும் பயிற்சியை நாங்கள் அளிக்கவில்லை. விஞ்ஞானத் தமிழைக் குறிப்புகளுக்கு விட்டுவிட்டு, நாங்கள் சந்தி பிரிப்பதோடு அமைந்தோம்.

விழாவையொட்டி நுழைவாயிலில் ஒரு வளைவு அமைக்கவேண்டுமென்று பழைய மாணவர் சிலர் விரும்புவதாக அறிகிறேன். வளைவு வேண்டாவென்பது என் கருத்தன்று. கல்லூரியன்னைக்கு அணி செய்வது மக்களின் கடமையே. ஆயினும் அதனோடு மூன்று சிறு காரியங்களையும் எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முதலாவது, நூலகத்தில் கடந்தகால வினாத்தாள்களுக்கு அப்பால், விஞ்ஞான வரலாறும் விஞ்ஞானச் சஞ்சிகைகளும் கொண்ட ஒரு பகுதி. இரண்டாவது, கிழமையில் ஒரு பாடவேளை, பாடத்திட்டத்துக்குக் கட்டுப்படாத வினா நேரம். அதில் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கே அமர்தல் வேண்டும். மூன்றாவது, பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுநிலையங்களிலும், உள்நாட்டிலும் புறநாட்டிலும், பணிபுரியும் பழைய மாணவர் ஆண்டுக்கு ஒரு கட்டுரை, தாம் செய்யும் வேலையைப் பற்றித் தமிழில், இங்குள்ள தம்பியருக்கு எழுதுதல். வளைவுக்காகும் செலவிற் சிறு பங்கே இவற்றுக்குப் போதும்.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் வினவுவர். நியாயமான வினா. இப்பகுதியை வைத்தவுடன் எல்லாரும் ஆய்வாளராகிவிடுவர் என்று நான் உறுதி கூறேன். ஆனால் கண்டதற்கும் எழுதியதற்கும் முரண்பாடு தோன்றும்போது நின்று வினவும் பழக்கம், மருத்துவனுக்கும் பொறியியலாளனுக்கும் கணக்காளனுக்கும் கமக்காரனுக்கும் ஒருங்கே வேண்டியது. அது பிற்காலத்தில் வாங்கிக்கொள்ளக் கூடிய பொருளன்று. பள்ளிப் பருவத்திலேயே பழகவேண்டியது.

அம்மாணவனின் கட்டுரைக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் அவ்வாக்கியத்தைத் திருத்தவில்லை. ஓரத்தில் ஒரு வினாக்குறி மட்டும் இட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வாணி விழாவுக்கு முதல்நாள், மண்டபத்தின் பின்புறத்தில் மாணவர் விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தனர். அவன் ஒரு விளக்கின் ஒருபக்கத்தை உலர்ந்த புளியாலும், மறுபக்கத்தை நனைத்த புளியாலும் தேய்த்து, பெயர் தெரியாத ஏதோவொன்றைத் தேடுபவன்போல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மறுவாரம் கட்டுரை திரும்பி வந்தது. பழைய வாக்கியம் வெட்டப்பட்டிருந்தது. அவ்விடத்தில், "நீர் என்ன செய்கிறது என்பதை நான் இன்னும் அறியவில்லை" என்று எழுதியிருந்தான். அவன் எழுதியவற்றுள் எனக்கு மிகப் பிடித்த வாக்கியம் அதுவே. சஞ்சிகையில் அவ்வாறே வெளியிடச் செய்தோம்.

அவ்வாறு எழுதத் துணியும் மாணவர் பலர் இங்கே தோன்றுக. கல்லூரியன்னை நீடூழி வாழ்க.